மேரியன் ஸ்மித்தின் மேஜை

இன்னைக்கு உங்களுக்கு ஒரு புது வேலை தர்றேன். அமெரிக்காவில் ஜெஃபர்சன்னு ஒரு ஊர். அங்கே விட்மன் தொடக்கப் பள்ளிக்கு நீங்கதான் புதுத் தலைமையாசிரியர். உங்க பேர் மேரியன் ஸ்மித். மேஜையில் ஒரு டிரே நிறைய காகிதங்கள். பெற்றோர் எழுதின கடிதம், ஆசிரியர் வைத்த கோரிக்கை, மேலதிகாரி அனுப்பிய குறிப்பு. ஒவ்வொன்றுக்கும் என்ன செய்வீங்கன்னு எழுதணும்.

அந்த ஊரும் பள்ளியும் நிஜத்தில் கிடையாது. பைலட்டுகள் சிமுலேட்டரில் பழகுற மாதிரி, முடிவெடுக்கப் பழகுறதுக்காக உருவாக்கின கற்பனை உலகம் அது.

இந்த 'இன்-பாஸ்கெட்' முறை 1950களில் அமெரிக்க விமானப்படைக்காகப் பிறந்தது. அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் நார்மன் ஃபிரெடெரிக்சன். ஜான் ஹெம்ஃபில், டேனியல் கிரிஃபித்ஸ் ஆகியோரோடு சேர்ந்து அவர் இதைப் பள்ளிக்கும் கொண்டுவந்தார். 232 தலைமையாசிரியர்கள் மேரியன் ஸ்மித்தாக உட்கார்ந்தாங்க. எல்லாருக்கும் அதே பள்ளி, அதே காகிதங்கள். அதனால் ஒருத்தர் வேலை செய்யுற விதத்தை இன்னொருத்தரோடு நேர்மையா ஒப்பிட முடிஞ்சது.

இதைப் படிச்சப்போ என்னை நிறுத்தினது அந்தப் பேர்தான். மேரியன்கிறது ஆணுக்கும் வைக்கிற பேர், பெண்ணுக்கும் வைக்கிற பேர்.

1962இல் முடிவுகள் புத்தகமா வந்துச்சு. சிலர் டக்குன்னு உத்தரவு போட்டாங்க. சிலர் விவரம் கேட்டு, ஆலோசனை பண்ணிட்டுத்தான் முடிவுக்கு வந்தாங்க. ஆசிரியர்களையும் மற்றவங்களையும் அதிகமா கலந்துக்கிட்டது பெண்கள். இந்தப் பதவிக்கு ஆண்கள்தான் வேணும்னு சொல்ல எந்தக் காரணமும் இல்லைன்னு ஆய்வாளர்கள் எழுதினாங்க.

விட்மன் பள்ளி அதுக்கப்புறம் பல்கலைக்கழக வகுப்புகளுக்குப் போச்சு. வருங்காலத் தலைமையாசிரியர்கள் அதே டிரேயில் பயிற்சி எடுத்தாங்க. ஆனா வெளியே நடந்ததைப் பாருங்க. 1928இல் அமெரிக்கத் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர்களில் பாதிக்கு மேல் பெண்கள். 1968இல் நாலில் ஒரு பங்குகூட இல்லை. வகுப்பில் யார் வேணும்னாலும் மேரியன் ஸ்மித் ஆகலாம். நிஜ நாற்காலி வேற கணக்குல போய்க்கிட்டு இருந்துச்சு.

இன்னைக்கும் பல கம்பெனிகள் ஆள் எடுக்கும்போது ஒரு போலி ஈமெயில் இன்பாக்ஸைத் திறந்து கொடுக்கிறாங்க. அது அந்த டிரேயோட பேரப்பிள்ளைதான். நீங்க அதில் எப்படிச் செய்யுறீங்கங்கிறது ஒரு கேள்வி. வந்த விடையைத் தேர்வு செய்யுறவங்க மதிக்கிறாங்களாங்கிறது இன்னொரு கேள்வி. அதை 1962லேயே கேட்டிருக்கணும்னு எனக்குத் தோணுது.