உடைந்து வந்த பொருளுக்கு யார் பொறுப்பு? - ஒரு பழைய சண்டையின் வரலாறு

பழம்பொருள் வாங்கி விற்பவர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த சண்டை ஒன்று உண்டு. பெட்டி வந்து சேர்கிறது. பிரித்துப் பார்த்தால் பீங்கான் ஜாடியின் கழுத்து தனியாக, உடம்பு தனியாகக் கிடக்கிறது. வாங்கியவர் உடனே விற்றவருக்கு போன் போடுகிறார். "நான் நல்லபடியாத்தான் அனுப்பினேன், கூரியர்காரனைக் கேளுங்க" என்கிறார் விற்றவர். கூரியர் ஆபீஸில் கேட்டால், "பேக்கிங் சரியில்ல சார், நாங்க என்ன பண்றது?" என்று பதில் வருகிறது. மூன்று பேர் சொல்வதும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஜாடி உடைந்தது உடைந்ததுதான்.

இது கூரியர் வந்த பிறகு பிறந்த சண்டை என்று நினைத்தால் தவறு. மாட்டு வண்டியில் சரக்கு போன காலத்திலேயே இதற்கென்று சட்டம் போட்டுவிட்டார்கள்!

1865-ஆம் ஆண்டுப் பட்டியல்

பிரிட்டிஷ் இந்தியாவில் 1865-ல் சரக்கு சுமப்போர் சட்டம் ஒன்று வந்தது. கூலிக்குச் சரக்கு ஏற்றிச் செல்பவர் அதைக் கெடுத்தாலோ தொலைத்தாலோ என்ன செய்வது என்பதைச் சொல்லும் சட்டம் அது. அதன் கடைசியில் ஒரு பட்டியல் இருக்கும். தங்க, வெள்ளி நாணயங்கள், நகைகள், கடிகாரங்கள், தபால் தலைகள், வரைபடங்கள், அச்சுப் படங்கள், கலைப் பொருட்கள், கண்ணாடி, பீங்கான், தந்தத்திலும் கருங்காலியிலும் சந்தன மரத்திலும் செய்த பொருட்கள், இசைக் கருவிகள்...

படித்துப் பாருங்கள். இன்றைக்கு ஒரு சேகரிப்பாளரின் அலமாரியில் என்னென்ன இருக்குமோ, கிட்டத்தட்ட அவ்வளவும் அதில் இருக்கிறது.

இவற்றைத் தனியே பிரித்ததற்குக் காரணம் உண்டு. சின்னப் பொட்டலம், ஆனால் பெரிய விலை. நெல் மூட்டைக்கும் தந்தப் பெட்டிக்கும் வண்டிக்காரர் வாங்கும் கூலி ஒன்றுதான் என்றால், தந்தம் போய்விட்டால் அவர் வீடு வாசலை விற்றுத்தான் கொடுக்க வேண்டியிருக்கும். அதனால் சட்டம் ஒரு நிபந்தனை வைத்தது. பட்டியலில் உள்ள பொருளின் மதிப்பு 100 ரூபாய்க்கு மேல் போனால், அனுப்புகிறவர் அதை முதலிலேயே அறிவிக்க வேண்டும். சுமப்பவர் அதற்கு அதிகக் கூலி கேட்கலாம். அறிவிக்காமல் அனுப்பிவிட்டு, உடைந்த பிறகு வந்து "அது 500 ரூபாய்ப் பொருள்" என்று சொன்னால் பொதுவாகச் செல்லாது.

இது இங்கிலாந்தில் 1830-லேயே வந்த சட்டத்தை ஒட்டியது. அங்கே வரம்பு 10 பவுண்டு. இன்றைய கூரியர் படிவத்தில் "பொருளின் மதிப்பு" என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கிறதே, அதன் பூர்வீகம் இதுதான். பெரும்பாலானவர்கள் அதில் ஏதோ ஒரு எண்ணை எழுதிவிட்டு வருகிறார்கள்.

புதுக்கோட்டைப் பக்கம் வந்த சரக்கு

செட்டிநாடு என்றால் காரைக்குடி மட்டும்தான் நினைவுக்கு வரும். ஆனால் கோனாபட்டு, ராங்கியம், ராயவரம் போன்ற ஊர்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கின்றன. பர்மாவிலும் மலேயாவிலும் தொழில் செய்த நகரத்தார்கள் இந்த ஊர்களில் கட்டிய வீடுகளுக்கு உலகம் முழுவதிலிருந்தும் பொருள் வந்தது. பர்மா தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி, ஜப்பான் ஓடு, ஐரோப்பிய எனாமல் பாத்திரங்கள், பீங்கான் ஜாடிகள், கண்ணாடிச் சட்டம் போட்ட தஞ்சாவூர்ப் படங்கள்.

கப்பலில் வந்து, துறைமுகத்தில் இறங்கி, ரயிலிலும் மாட்டு வண்டியிலும் ஏறி இறங்கி வர வேண்டிய பொருட்கள் இவை. புதுக்கோட்டைக்கு ரயிலே 1929-ல்தான் வந்தது. அதுவரை திருச்சியிலிருந்து சாலை வழிதான். ஒவ்வொரு கை மாறும்போதும் ஒரு தட்டோ ஒரு கண்ணாடியோ போவதற்கு வாய்ப்பு இருந்தது.

புதுக்கோட்டை 1948 மார்ச் 3 வரை தனி சமஸ்தானம் என்பதால் பிரிட்டிஷ் இந்தியச் சட்டங்கள் தானாக இங்கே செல்லாது. ஆனால் சரக்கு வந்த வழியில் பெரும்பகுதி பிரிட்டிஷ் இந்தியாதான்.

20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த ஓட்டம் அப்படியே திரும்பியது. குடும்பங்கள் சிதறின, பாகம் பிரிந்தது, பராமரிக்க முடியாத வீடுகளிலிருந்து பொருட்கள் வெளியே வந்தன. காரைக்குடியின் முனீஸ்வரன் கோயில் தெரு பழம்பொருள் கடைகளுக்குப் பேர் போனது. கடல் தாண்டி உடையாமல் வந்த ஜாடி, இப்போது சென்னைக்கோ பெங்களூருக்கோ லாரியில் போகும்போது உடைகிறது.

ரயில்வேயின் ரிஸ்க் நோட்டு

1890-ஆம் ஆண்டு ரயில்வே சட்டமும் ஏறக்குறைய அதே பட்டியலை எடுத்துக்கொண்டது. 100 ரூபாய்க்கு மேல் என்றால் மதிப்பை அறிவி, கூடுதல் கட்டணம் கட்டு. அதோடு "ரிஸ்க் நோட்டு" என்ற ஒன்றும் புழக்கத்தில் இருந்தது. குறைந்த கட்டணத்தில் சரக்கு அனுப்ப வேண்டுமானால், "சேதம் வந்தால் ரயில்வே பொறுப்பல்ல" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். இன்றும் லாரி ஆபீஸ் ரசீதில் "ஓனர்ஸ் ரிஸ்க்" என்று அச்சடித்திருப்பார்கள். அந்தப் பழக்கம்தான் இது.

இன்னொரு வகை ரிஸ்க் நோட்டும் இருந்தது. கட்டு சரியாகக் கட்டப்படவில்லை என்று ரயில்வே நினைத்தால், அதை ஒப்புக்கொண்டு அனுப்புகிறவரே எழுதிக் கொடுப்பது. "பேக்கிங் சரியில்ல சார்" என்ற வாதத்துக்கு எவ்வளவு வயசு என்று பாருங்கள்!

1962-ன் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம் ரயில்வேயின் பொறுப்பைக் கூட்டியது. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தில் வாங்குபவருக்கு உதவும் ஒரு பிரிவு இருக்கிறது. கட்டு சேதமாகியோ பிரிக்கப்பட்டதுபோலவோ வந்தால், "திறந்து காட்டி ஒப்படையுங்கள்" என்று கேட்கலாம். ரயில்வே ஊழியர் முன்னிலையில் பெட்டி திறக்கப்பட்டு, சேதம் எழுத்தில் பதிவாகும். கையெழுத்துப் போட்டு வாங்கிப் போய் வீட்டில் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பி வருவதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

முதலில் பணம், பிறகுதான் பொட்டலம்

தபாலில் 1877-ல் வி.பி.பி. முறை வந்தது. விற்பவர் பொருளை அனுப்புவார், தபால்காரர் வாங்குபவரிடம் விலையை வாங்கிக்கொண்டு பொட்டலத்தைக் கொடுப்பார், பணம் விற்பவருக்குப் போகும். முன்பின் தெரியாத இரண்டு பேர் வியாபாரம் செய்ய இது பெரிய வசதி. புத்தகம், கைக்கடிகாரம் என்று எத்தனையோ பொருள் கிராமங்களுக்கு இந்த வழியில் போயின.

ஆனால் ஒரு சிக்கல். பணம் கட்டின பிறகுதான் பொட்டலத்தைப் பிரிக்க முடியும். உள்ளே உடைந்திருந்தால்? 1898-ஆம் ஆண்டு தபால் சட்டத்தின் 6-ஆம் பிரிவு தெளிவாகச் சொன்னது. தபால் பொருள் தொலைந்தாலும், தாமதமானாலும், சேதமானாலும், தானாக வெளிப்படையாக ஏற்றுக்கொண்ட அளவுக்கு மேல் அரசு பொறுப்பல்ல. இன்ஷூர் செய்து அனுப்பினால்தான் இழப்பீடு பற்றிப் பேசவே முடியும். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2023-ஆம் ஆண்டுச் சட்டம் 2024 ஜூன் 18 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதிலும் விதிகளில் சொன்ன அளவுக்குத்தான் பொறுப்பு.

விற்றவரா? வாங்கியவரா?

சுமப்பவரை விட்டுவிடுவோம். விற்றவருக்கும் வாங்கியவருக்கும் நடுவில் நஷ்டம் யார் தலையில்? வணிகச் சட்டம் படித்த பி.காம். மாணவர்களுக்கு 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டம் நினைவிருக்கும். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், உரிமை யாருக்கு மாறியதோ அவருக்கே ஆபத்தும் மாறும். அனுப்ப வேண்டிய பொருளைச் சுமப்பவரிடம் ஒப்படைத்தாலே வாங்குபவரிடம் ஒப்படைத்ததாகத்தான் முதல் பார்வையில் கொள்ளப்படும். அதாவது லாரி ஆபீஸில் போட்டதோடு விற்றவர் வேலை முடிந்தது என்றே பெரும்பாலும் ஆகிவிடும்.

ஆனால் அதே சட்டம் விற்றவருக்கு ஒரு கடிவாளமும் போட்டிருக்கிறது. பொருளின் தன்மைக்கு ஏற்ற, நியாயமான ஏற்பாட்டோடு அனுப்ப வேண்டும். பீங்கான் ஜாடியை மதிப்பும் சொல்லாமல், மலிவான "ஓனர்ஸ் ரிஸ்க்"கில் போட்டுவிட்டு விற்றவர் ஒதுங்கிக்கொள்ள முடியாது. அந்த ஒப்படைப்பைத் தன்னிடம் ஒப்படைத்ததாக ஏற்க வாங்கியவர் மறுக்கலாம், நஷ்டஈடும் கேட்கலாம்.

100 டாலர் கையெழுத்து

கூரியர் காலத்தில் இந்தக் கதைக்கு முக்கியமான திருப்பம் 1996-ல் வந்தது. பாரதி நிட்டிங் கம்பெனி என்ற நிறுவனம் டிஎச்எல் மூலம் ஜெர்மனிக்கு ஆவணங்கள் அனுப்பியது. அவை போய்ச் சேரவில்லை. மறுபடி அனுப்பியபோது அங்கே கோடைக்கால விற்பனைப் பருவம் முடிந்துவிட்டது. நஷ்டம் பெரிது. ஆனால் கையெழுத்திட்ட ரசீதில் பொறுப்பின் வரம்பு 100 அமெரிக்க டாலர் என்று இருந்தது. கையெழுத்துப் போட்டவரை அந்த நிபந்தனை கட்டுப்படுத்தும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்பக்கப் பொடி எழுத்தை யாரும் படிப்பதில்லை. ஆனால் வழக்கில் முதலில் படிக்கப்படுவது அதுதான்.

லாரி விஷயத்திலும் கதை இதேதான். 1865-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2007-ல் இயற்றிய சாலைவழிச் சரக்குச் சட்டம் 2011 மார்ச் 1 முதல் அமலில் இருக்கிறது. மதிப்பை அறிவிக்காவிட்டால் இழப்பீட்டுக்கு வரம்பு, செலுத்திய கூலியைப் போலப் பத்து மடங்கு. 200 ரூபாய் கூலி கட்டி அனுப்பிய 20,000 ரூபாய் ஜாடிக்கு 2,000 ரூபாய்தான். வழக்குப் போடும் முன்பு, புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸும் கொடுத்திருக்க வேண்டும்.

நுகர்வோர் சட்டமும் அதன் ஓட்டையும்

1986-ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு சாமானியனுக்கு ஒரு வாசல் திறந்தது. 2020 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய சட்டப்படி, தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். டெல்லியில் உள்ள விற்பனையாளர் மீது புதுக்கோட்டையிலேயே புகார் கொடுக்கலாம். இணைய வணிகத்துக்கு அதே மாதம் வந்த விதிகள், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்கின்றன. புகார் வந்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும்.

நல்ல விஷயம்தான். ஆனால் சேகரிப்பாளர்களுக்கு இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. தொழிலாக, தொடர்ச்சியாகச் செய்யாமல் சொந்த முறையில் எப்போதாவது விற்கும் தனி நபருக்கு அந்த இணைய வணிக விதிகள் பொருந்தாது. பழம்பொருள் உலகில் பாதி வியாபாரம் அப்படித்தானே நடக்கிறது? தன்னிடம் இரண்டாக இருக்கும் அம்மன் காசில் ஒன்றை இன்னொருவருக்குக் கொடுப்பவர் வியாபாரி இல்லை. அங்கே மிஞ்சுவது 1930-ஆம் ஆண்டுச் சட்டமும் இரண்டு பேரின் நாணயமும்தான்.

இன்னொன்று, "மாற்றுப் பொருள் தருகிறோம்" என்ற தீர்வு மிக்ஸிக்குச் சரி. நூறு வருஷத்து ஜாடிக்கு மாற்று எங்கே போய் வாங்குவது? பணம் திரும்பி வரும், பொருள் வராது.

கருக்காக்குறிச்சி காசுகள் சொல்லும் பாடம்

இந்த எல்லாச் சண்டைக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி: சேதம் எப்போது நடந்தது? எனாமல் தட்டில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தால், அது நேற்று லாரியில் போனதா, 1940-ல் அடுப்படியில் போனதா?

புதுக்கோட்டை மாவட்டம் கருக்காக்குறிச்சியில் 1898-ல் ஒரு புதையல் கிடைத்தது. 501 ரோமானியத் தங்கக் காசுகள். அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான பேரரசர்கள் காலத்தவை. விசேஷம் என்னவென்றால், அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைமீது உளியால் வெட்டிய தழும்பு இருந்தது. அவற்றைக் காசாகப் புழங்கவிடாமல் செய்யவே அப்படி வெட்டினார்கள் என்பது ஆய்வாளர்கள் சொல்லும் ஒரு விளக்கம்.

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஜி.எஃப். ஹில் இந்தக் காசுகளைப் பற்றி அப்போதே விரிவாக எழுதிவைத்தார். வெட்டுத் தழும்பும் பதிவானது. அதனால் அந்தக் காசை இன்று யார் பார்த்தாலும், வெட்டு கடல் பயணத்தில் வந்ததா, அருங்காட்சியகத்தில் வந்ததா என்று கேட்பதில்லை. சேதம்கூட அங்கே வரலாற்றுச் சான்றாகிவிட்டது. பதிவு இல்லாமல் இருந்திருந்தால்? ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு சண்டை.

அருங்காட்சியகங்கள் ஒரு பொருளைக் கடன் கொடுக்கும்போது அனுப்பும் முன்பும் வந்த பின்பும் அதன் நிலையை எழுதிப் படமெடுத்து வைப்பது இதற்காகத்தான். தனி மனிதருக்கும் அது முடியாத காரியமில்லை. அனுப்பும் முன் நாலு பக்கமும் படம், ஏற்கெனவே உள்ள கீறலை எழுத்தில் சொல்லிவிடுவது, ரசீதில் உண்மையான மதிப்பு, முடிந்தால் இன்ஷூரன்ஸ். வாங்குபவர் பக்கம், பெட்டி நசுங்கியிருந்தால் கையெழுத்துப் போடும் இடத்திலேயே அதை எழுதுவது, பிரிக்கும்போது வீடியோ எடுப்பது, பேக்கிங் காகிதத்தைக்கூட எறியாமல் வைப்பது, அன்றைக்கே எழுத்தில் புகார் சொல்வது.

1865-லிருந்து சட்டங்கள் மாறின, சுமக்கும் வண்டிகள் மாறின. உடைந்த பொருளோடு வந்து நிற்பவரிடம் கேட்கப்படும் கேள்விகள் மட்டும் மாறவில்லை. "என்ன மதிப்பு என்று முதலிலேயே சொன்னாயா? எப்போது உடைந்தது என்று காட்ட முடியுமா?" இரண்டுக்கும் பதிலை, பெட்டியை ஒட்டும் முன்பே தயார் செய்து வைத்திருப்பவருக்குத்தான் சட்டமும் துணைக்கு வருகிறது.