மிருதுச் செடியும் ஆவாரம் பட்டையும்

திருமறையில் வரும் செடிகளைப் பற்றி எழுதித் தரும்படி ஆம்பூர்ச் சபையின் மலர்க்குழுவினர் அன்போடு பணித்தார்கள். என் விருப்பத்துக்குரிய ஒரு செடிக்கே நேராக வருகிறேன்.

மத்தியதரைக் கடலோரத்தில் என்றும் பசுமை மாறாமல் நிற்கும் புதர், மிருது. வெண்பூவும் மணக்கும் இலையும் கருநீலக் கனியும் உடையது. எபிரெயர் இதை ஹதஸ் என்றனர். கிரேக்கரின் 'மிர்த்தோஸ்' நம் வேதாகமத்தில் மிருது ஆயிற்று. மென்மையைக் குறிக்கும் சொல்லோடு இதற்கு உறவில்லை. எஸ்தர் அரசியின் மறுபெயரான அத்சாள் (எஸ்தர் 2:7) இச்செடியின் பெயரே. கூடாரப் பண்டிகைக்கு இதன் கிளைகளைக் கொண்டுவரச் சொல்கிறது நெகேமியா 8:15. சகரியா கண்ட காட்சியில் சிவப்புக் குதிரைமேல் வந்தவர் நின்றது மிருதுச் செடிகளின் நடுவே (1:8). காஞ்சொறி இருந்த இடத்தில் மிருது எழும்பும் என்பது ஏசாயாவின் வாக்கு (55:13).

உரையாசிரியர்கள் பலர் சொல்லாமல் விடும் செய்தி ஒன்று: இதன் இலையும் பட்டையும் தோல் பதனிடவும் உதவின. யூத மரபு அத்தொழிலைத் தாழ்வாகவே வைத்தது. தோல் பதனிடுபவனின் மனைவி மணவிலக்குக் கோரலாம் என்று யூதரின் சட்டத் தொகுப்பான மிஷ்னா இடங்கொடுத்தது. தோல் பதனிடுபவனான சீமோனின் வீட்டில்தான் யோப்பா பட்டணத்தில் பேதுரு அநேக நாள் தங்கினார் (அப். 9:43). நூற்றுக்கு அதிபதி கொர்நேலியுவின் ஆட்கள் அவரைத் தேடி வந்ததும் அந்த வாசலுக்கே. தோல் பதனிடும் ஊரான நம் ஆம்பூரின் பிள்ளைகள் தலைநிமிர இதைவிட வேறென்ன வேண்டும்?

நமக்கு மிருது இல்லை, ஆவாரை உண்டு. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய 99 பூக்களில் ஆவிரை என்ற பெயரில் இதுவும் ஒன்று. வறண்ட மேட்டிலும் மஞ்சளாய்ப் பூக்கும் இதன் பட்டைச் சாற்றில் ஒரு காலத்தில் மாட்டுத்தோல் வாரக்கணக்கில் ஊறியது. வெயில் பட்டால் அத்தோல் சிவக்கும். அதைத் தடுக்கக் கடுக்காய்ச் சாற்றிலும் போட்டெடுத்தார்கள். அதுவே 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்ற பெயரில் இலண்டன் சந்தைக்குப் போனது. பின்னர் ஆவாரையின் இடத்துக்குத் தென்னாப்பிரிக்க வாட்டில் பட்டை வந்தது, குரோமியம் வந்தது. தோல் ஆலைக் கழிவால் பாலாறு பட்ட பாட்டை 1996-இல் உச்ச நீதிமன்றமே எழுதிவைத்தது.

சபையாருக்கு என் வேண்டுகோள்: ஆலய வளாகத்தின் மதிலோரம் ஆவாரை நடுங்கள். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீமோன் வீட்டுக் கதையைத் தவறாமல் சொல்லிக்கொடுங்கள்.