பஞ்சத்தில் தளர்ந்த கட்டு

1876 முதல் 1878 வரை வாட்டிய தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தில் பல இலட்சம் உயிர்களைக் கொண்டது. திருத்தணி அந்நாளில் அடங்கியிருந்த வடஆர்க்காடு மாவட்டமும் அதற்குத் தப்பவில்லை. மடிந்தோரில் நிலமற்ற கூலி மக்களே மிகுதி. ஆயினும் அக்கொடுமையினூடே பண்ணையடிமைக் கட்டும் தளர்ந்தது. படியளக்க வழியற்ற பண்ணைகள் தம் ஆட்களைக் கைவிட்டன. கைவிடப்பட்டோர் ஊரைவிட்டு வெளியேறத் துணிந்தனர்.

1880-க்குப்பின் ஜான் டெய்லர் கம்பெனியார் கோலார் தங்கவயலில் சுரங்கம் நடத்தலாயினர். வடஆர்க்காட்டிலிருந்து நம் முன்னோர் திரளாக அங்குச் சென்றனர். வேலை கடினம், விபத்தும் நுரையீரல் நோயும் பலரை விழுங்கின. எனினும், கூலி தானியமாக அன்றிப் பணமாகக் கைக்கு வந்தது. அப்பணம் கல்விக்கும் சங்கத்துக்கும் உதவிற்று. அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை மாரிக்குப்பத்தில் தழைத்தது. 1907-இல் அவர் தொடங்கிய இதழுக்கும் தங்கவயல் தொழிலாளர் துணைநின்றனர்.

பஞ்சம் நன்மை செய்ததென்று நாம் கூறோம். கிடைத்த கூலியைக் கல்வியாக மாற்றிய மக்களே நன்மை செய்தனர். அச்சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. அவர்கள் தேடிய கல்வியோ தலைமுறை கடந்து பயன் தருகிறது. ஆதலின் இளைஞர்களே, வருவாய் குன்றும் காலத்திலும் நம் இல்லங்களில் பிள்ளைகளின் படிப்பு நின்றுவிடலாகாது.