வழக்கில் ஜெயித்தவர்கள், ஒப்பந்தத்தில் தோற்றவர்கள்

பத்திரிகை ஆபீஸில் சம்பளத்துக்கு இருக்கிற வக்கீலுக்கு என்ன வேலை? அவதூறு வழக்கு பார்ப்பதுதான்னு நானும் நினைச்சிருந்தேன். அமெரிக்காவின் டாசினி வழக்கைப் படிச்ச பிறகு அந்த எண்ணம் மாறிப்போச்சு.

1990 முதல் 1993 வரை ஆறு ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர்கள் நியூயார்க் டைம்ஸ், நியூஸ்டே, ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் இதழ்களில் எழுதியவை 21 கட்டுரைகள். அச்சுக்கு உண்டான காசு வந்தது. ஆனா அதே கட்டுரைகளை லெக்ஸிஸ்-நெக்ஸிஸ் தரவுத்தளத்துக்கும் சிடிக்கும் போக நிர்வாகங்கள் உரிமம் கொடுத்திருந்தன. எழுத்தாளர்களிடம் சம்மதம் கேட்கவே இல்லை.

1993இல் தேசிய எழுத்தாளர் சங்கத் தலைவர் ஜொனாதன் டாசினியும் மற்றவர்களும் வழக்கு போட்டார்கள். நிர்வாகத் தரப்பு பிடிச்சுக்கிட்டது 1976ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தின் 201(சி) பிரிவை. ஓர் இதழை வெளியிட்டவர் அந்த இதழின் திருத்திய பதிப்பிலும் கட்டுரையைச் சேர்க்கலாம்னு அது சொல்லுது. தரவுத்தளமும் அப்படி ஒரு திருத்திய பதிப்புதான் என்பது அவங்க வாதம். 1997இல் கீழ்நீதிமன்றத்தில் அதை ஏத்துக்கிட்டவர் சோனியா சோட்டோமேயர். பின்னாளில் உச்ச நீதிமன்றத்துக்கே போனவர். 1999இல் மேல்முறையீட்டில் தீர்ப்பு தலைகீழாச்சு.

2001 ஜூன் 25. உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் எழுத்தாளர்கள் பக்கம் நின்றது. தீர்ப்பை எழுதிய கின்ஸ்பர்க் சொன்ன காரணம் எளிமையானது. மைக்ரோஃபிலிமில் இதழ் பக்கம் பக்கமா அப்படியே இருக்கு. தரவுத்தளத்திலோ கட்டுரை இதழிலிருந்து பிரிஞ்சு தனியா வந்து நிக்குது. அது எப்படி அந்த இதழின் பதிப்பாகும்?

சரி, எழுத்தாளர்கள் ஜெயிச்சாங்களா? இங்கேதான் கம்பெனி வக்கீல்களின் வேலை தெரியுது. வழக்கு நடந்துக்கிட்டிருக்கும்போதே, 1995இல், டைம்ஸ் புது ஒப்பந்தம் கொண்டுவந்துடுச்சு: எல்லா உரிமையும் நிறுவனத்துக்கே. அதனால 2001 தீர்ப்பு முக்கியமா உதவினது பழைய கட்டுரைகளுக்குத்தான். அதிலும், தீர்ப்பு வந்ததும் டைம்ஸ் அவற்றைத் தரவுத்தளத்திலிருந்து எடுக்க ஆரம்பிச்சுது. உங்க கட்டுரை அங்கே இருக்கணுமா? காசு கேட்காம உரிமையை எழுதிக் கொடுங்கன்னு அறிவிச்சது. பல வருஷத்து ஆவணத்தில் ஓட்டை விழுந்தது. நஷ்டம் வாசகருக்கும்தான்.

2023 டிசம்பர் 27இல் இதே டைம்ஸ், தன் கட்டுரைகளை அனுமதி இல்லாம பயன்படுத்தியதா ஓபன்ஏஐ, மைக்ரோசாஃப்ட் மேல வழக்கு போட்டது. 2025இல் அமேசானுக்குத் தன் கட்டுரைகளைச் செயற்கை நுண்ணறிவுக்காகப் பயன்படுத்த உரிமமும் கொடுத்தது. அன்னைக்கு டாசினி கேட்ட கேள்வியை இன்னைக்கு நிறுவனமே கேட்குது. ஊழியர் எழுதினது சட்டப்படியே நிறுவனத்துடையது. வெளியாள் எழுதினதை நிறுவனம் இப்படி விற்கணும்னா ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கணும்.

எழுதுகிற நண்பர்களுக்கு ஒண்ணு: ஒப்பந்தம் வந்தா தொகையைப் பார்க்கும் முன்னாடி அந்த வரியைத் தேடிப் படிங்க.