காட்சியும் ஒளியும்: கத்தோலிக்கச் சமய ஓவியத்தில் சூசையின் மெழுகுதிரி

முன்னுரை

கோப்பெங்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், ஈப்போவின் சிலிபின் பகுதியில் லூர்து அன்னை ஆலயம் அமைந்துள்ளது. அன்னை பெர்னதெத் என்னும் சிறுமிக்குக் 'காட்சி கொடுத்தார்' என்பர் தமிழ்க் கத்தோலிக்கர். இறைவன் அடியார்க்குக் காட்சி கொடுத்தான் எனச் சைவரும் வைணவரும் வழங்கும் தொடரே இது. ஒருவர் மட்டும் கண்ட காட்சியைப் பிறரும் காண வரைவது எங்ஙனம்? ஓவியர்கள் இதற்கு ஒளியையே கருவியாகக் கொண்டமையை நாம் இங்கு ஆராய்வோம்.

பிரிஜித்தாவின் காட்சி

சுவீடன் நாட்டுப் புனித பிரிஜித்தா 1372இல் பெத்லகேமில் இயேசு பிறப்பைக் காட்சியாகக் கண்டார். குழந்தையிடமிருந்து எழுந்த தெய்வ ஒளியின்முன் சூசையின் மெழுகுதிரி ஒளியிழந்தது என்பது அவர் தந்த செய்தி. இதன்பின் பிறப்பு ஓவியங்களின் அமைப்பே மாறியது. ஏறத்தாழ 1425இல் ராபர்ட் கம்பின் வரைந்த ஓவியத்தில், முதியவரான சூசை மெழுகுதிரியைக் கையால் மறைத்து நிற்கிறார். ஏறத்தாழ 1530இல் கொரேஜ்ஜோ வரைந்து, இன்று டிரெஸ்டன் நகரிலுள்ள 'புனித இரவு' ஓவியத்திலோ மெழுகுதிரியே இல்லை. குழந்தையின் ஒளியே மரியாளின் முகத்தில் படிகிறது. அருகிலுள்ள பெண்ணொருத்தி கண்கூசிக் கையை உயர்த்துகிறாள். முன்னதில் இயற்கை ஒளி தோற்பதைக் காட்டித் தெய்வ ஒளி உணர்த்தப்பட்டது. பின்னதில் காண்போரின் கண்கூச்சமே அதற்குச் சான்றாயிற்று.

தமிழில் சூசை

காட்சியிலிருந்து கலை பிறக்கும் இம்மரபு தமிழுக்கும் வந்தது. வீரமாமுனிவர் 1726இல் இயற்றிய தேம்பாவணி, இசுபானியத் துறவி ஆகிரேதா மரியாள் தாம் கண்ட காட்சிகளாக எழுதிய நூலைத் தழுவியது. ஓவியத்தின் ஓரத்தில் மெழுகுதிரி ஏந்தி நின்ற சூசை, தமிழில் 3,615 பாடல்கள் கொண்ட காப்பியத்தின் தலைவரானார்.

கலையின் எல்லை

பெர்னதெத் 1858இல் லூர்து குகையில் 18 முறை காட்சி கண்டார். அன்னை தோன்றுமுன் ஒளி தோன்றியது என்றார் அவர். அவரிடம் கேட்டறிந்து சிற்பி ஃபபீஷ் வடித்த பளிங்குச் சிலை 1864இல் அங்கு நிறுவப்பட்டது. சிலை அழகியதே, எனினும் தாம் கண்டவர் இவரல்லர் என்பதே பெர்னதெத்தின் கருத்து. உருவைப் பளிங்கில் வடிக்கலாம். உருவுக்கு முந்திய ஒளியை வடித்தல் அரிது.

முடிவுரை

சமய ஓவியத்தின் ஒளி வெறும் அணியன்று; கண்டவரின் சான்றுரையைக் காணாதவரிடம் சேர்க்கும் முயற்சியாகும். தேம்பாவணியைக் கற்பிப்போர் இவ்வோவியங்களையும் உடன் காட்டுவாராயின், காப்பியத்திற்கும் ஓவியத்திற்கும் காட்சியே பொதுவான ஊற்று என்பதை மாணவர் தெளிவாக உணர்வர்.