ழவேல் தண்ணியும் புளியும்

புதுச்சேரியில் என் வயதை ஒட்டியவர்களின் வீடுகளில் ‘ழவேல்’ என்றொரு சொல் புழங்கியது. பிரெஞ்சில் முழுப்பெயர் ‘ஓ த ழவேல்’. வெள்ளைத் துணியில் ஏறிய கறையைப் போக்கவும், சாக்கடை முகப்பைக் கழுவவும் பயன்பட்ட, மூக்கைத் துளைக்கும் வாடை கொண்ட தண்ணீர். எங்கள் ஆயா (எங்கள் பக்கம் பாட்டியை அப்படித்தான் அழைப்போம்) தாத்தாவின் உத்தியோகத்தை முன்னிட்டுச் சில வருடங்கள் சைகோனில் இருந்துவிட்டு வந்தவர். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சுச் சொற்கள் இருபது இருக்கலாம். அதில் பாதி துணி துவைப்பதைப் பற்றியவை.

‘பாட்டி சொன்ன வீட்டுக் குறிப்புகள்’ என்று இப்போது கைபேசியில் தினமும் ஏதாவது வந்துகொண்டிருக்கிறது. நானும் விடாமல் படிக்கிறேன். எதை எதோடு கலந்தால் பளபளக்கும் என்று எல்லாவற்றிலும் இருக்கிறது. ஆயா சொன்னவற்றிலோ பாதிக்கு மேல், எதை எதோடு சேர்க்கக் கூடாது என்பதுதான். அந்தப் பாதி எங்கே தொலைந்தது? இதைச் சொல்லக் கொஞ்சம் சரித்திரம் வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சாம்பல். பிரெஞ்சுப் பள்ளியில் எங்களுக்கு ‘லெசோன் த ஷோஸ்’ என்றொரு பாடம் உண்டு. அன்றாடப் பொருள்களைக் காட்டி விஞ்ஞானம் சொல்லித் தரும் பாடம். அதில் ‘லெசீவ்’ என்ற சொல் வந்தது. இன்று அதற்குச் சலவை அல்லது சலவைத்தூள் என்று பொருள். மூலமான லத்தீன் சொல்லுக்குச் சாம்பல் கரைத்த காரநீர் என்றே அர்த்தம். பிரான்சின் கிராமங்களில் வருடத்துக்கு இரண்டு மூன்று முறை மட்டுமே ‘பெரிய சலவை’ நடக்கும். மரத்தொட்டியில் துணிகளை அடுக்கி, மேலே ஒரு முரட்டுத் துணியை விரித்து, அதில் விறகுச் சாம்பலைப் பரப்பி, சுடுநீரைத் திரும்பத் திரும்ப ஊற்றுவார்கள். மூன்று நாள் வேலை. முதல் நாளுக்கு உத்தரிக்கிற ஸ்தலம், இரண்டாம் நாளுக்கு நரகம், மூன்றாம் நாளுக்கு மோட்சம் என்று அந்தப் பெண்களே பெயர் வைத்திருந்தார்கள். கொதிநீர் ஊற்றும் நாள் எதுவென்று சொல்ல வேண்டியதில்லை.

இதைக் கேட்டபோது எனக்கு நம்மூர் வெள்ளாவிதான் நினைவுக்கு வந்தது. உவர்மண் கரைத்த தண்ணீரில் ஊறிய துணிகளைப் பானைக்கு மேல் அடுக்கி, ராத்திரி முழுதும் ஆவியில் வேகவைப்பது. சாம்பலில் இருப்பது பொட்டாசியம் கார்பனேட், உவர்மண்ணில் இருப்பது சோடியம் கார்பனேட். இரண்டும் காரம், இரண்டும் எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும். பிரெஞ்சுக் கம்பெனி இந்தக் கரையிலிருந்து கப்பல் கப்பலாக ஏற்றிய வெள்ளைத் துணிகளெல்லாம் நம் சலவைத் தொழிலாளர்களின் கையைக் கடந்து போனவை. துணி வியாபாரம் எவ்வளவு பெரிது என்று ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டினாலே தெரியும். சலவை செய்தவர்களுக்கு அப்படியொரு நாட்குறிப்பு இல்லை.

சாம்பலுக்கு ஆயா வைத்த தடை ஒன்றே ஒன்று: அலுமினியப் பாத்திரத்துப் பக்கம் அதைக் கொண்டுபோகாதே. காரம் பட்டால் அலுமினியம் அரிபட்டுக் கறுக்கும்.

அடுத்தது புளி. பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்தால் தங்கமாக மின்னும். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் செம்பின் மேல் படிந்த கறுப்பைக் கரைத்துவிடுவதால் வரும் பளபளப்பு அது. அதே புளி, ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் குழம்பாகக் கிடந்தால் செம்பையும் கரைக்கும். களிம்பேறிய குழம்பு வயிற்றைப் புரட்டும். அதற்காகத்தான் ‘ஈயம் பூசறது’ என்று கூவிக்கொண்டு துருத்தியோடு ஒருவர் தெருவில் வருவார். வெளியே தேய்க்க நல்லதாக இருப்பது உள்ளே இருந்தால் ஏன் விஷமாகிறது என்று ஆயா ரசாயனம் படித்ததில்லை. ஆனால் சமைக்கிற பாத்திரத்தில் ஈயம் தேய்ந்துவிட்டதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்காமல் அடுப்பில் ஏற்றமாட்டார்.

இனி ழவேலுக்கு வருகிறேன். அது ஓர் ஊரின் பெயர். பாரிசுக்கு வெளியே சேன் நதிக்கரையில் அன்று ஒரு சிறு கிராமம். இன்று நகரத்துக்குள் வந்துவிட்டது. பிற்காலத்தில் சித்ரோயேன் கார் தொழிற்சாலை இருந்த அதே இடம்தான். மெத்ரோ நிலையத்துக்கே இரண்டு பெயரும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். 1774-இல் ஸ்வீடன்காரர் ஷீலே குளோரின் வாயுவைக் கண்டுபிடித்தார். அது நிறத்தை வெளுக்கவைக்கும் என்பதை 1785-இல் பெர்த்தொலே என்ற பிரெஞ்சு ரசாயன அறிஞர் துணித்தொழிலுக்குப் பயன்படுத்திக் காட்டினார். அதுவரை ஐரோப்பாவில் துணி வெளுக்க வேண்டுமென்றால் புல்வெளியில் விரித்து, காரநீரிலும் புளித்த மோரிலும் மாறி மாறி நனைத்து, மாதக்கணக்கில் வெயிலில் போட வேண்டும். ழவேலில் ஏற்கெனவே இருந்த தொழிற்சாலையில் இந்த வாயுவைப் பொட்டாஷ் தண்ணீரில் செலுத்தி, ‘ழவேல் திரவம்’ என்று விற்க ஆரம்பித்தார்கள். மாதங்கள் மணி நேரங்களாகக் குறைந்தன. பெர்த்தொலே தன் முறையை ரகசியமாக வைத்துக் காசு பார்க்கவில்லை, வெளியிட்டுவிட்டார். எனக்கு அவர் மேல் அதனாலேயே மரியாதை.

1820-களில் லபராக் என்ற பாரிஸ் மருந்துக்கடைக்காரர் பொட்டாஷுக்குப் பதிலாக சோடாவைக் கொண்டு இதைத் தயாரித்தார். குடல் பதப்படுத்தும் பட்டறைகளின் நாற்றத்தைப் போக்கத்தான் முதலில் பயன்பட்டது. 1824-இல் 18-ஆம் லூயி மன்னர் இறந்தபோது, உடலிலிருந்து வீசிய நாற்றத்தை அடக்க அவரைத்தான் அழைத்தார்கள். இன்று நாம் கடையில் வாங்கும் ப்ளீச், அந்த சோடியம் ஹைப்போகுளோரைட்டேதான்.

ஆயாவின் ழவேல் சட்டங்கள் இவை. பச்சைத் தண்ணீரில்தான் கலக்க வேண்டும், வெந்நீர் ஆகாது. பட்டிலும் கம்பளியிலும் ஒரு சொட்டு விழக்கூடாது, இழையையே தின்றுவிடும். பித்தளை, செம்புப் பாத்திரத்தில் ஊற்றக்கூடாது. வெளிச்சம் படாமல் மூடிவைக்க வேண்டும், பழசானால் வீரியம் போய்விடும். இவற்றைச் சாதாரணக் குரலில் சொல்வார். ஒன்றை மட்டும் அதட்டித்தான் சொல்வார்: புளி, எலுமிச்சை, வினிகர் எதுவும் ழவேலோடு சேரக்கூடாது. புளி போட்டுத் தேய்த்த முற்றத்தை இரண்டு முறை தண்ணீர் விட்டு அலசாமல் ழவேல் பாட்டிலைத் திறக்க விடமாட்டார்.

காரணம் எளிது. எந்த வாயுவைத் தண்ணீரில் அடக்கி வைத்தார்களோ, அமிலம் பட்டதும் அது திரும்ப வெளியே வந்துவிடும். அந்த வாயு என்ன செய்யும் என்பதை உலகம் 1915 ஏப்ரல் 22 அன்று பார்த்தது. பெல்ஜியத்தின் ஈப்ர் அருகே ஜெர்மன் படை 150 டன்னுக்கு மேல் குளோரினைக் காற்றோடு திறந்துவிட்டது. எதிரே பதுங்கு குழிகளில் இருந்தவர்கள் பிரெஞ்சுப் படையினர், அவர்களில் அல்ஜீரியாவிலிருந்து வந்த குடியேற்ற நாட்டுச் சிப்பாய்களும் உண்டு. நம் கடற்கரைச் சாலையில் நினைவுச் சின்னம் இருக்கிறதே, அதே போர். விசித்திரம் என்னவென்றால், அதே போரில்தான் கரேல் என்ற பிரெஞ்சு மருத்துவரும் டேக்கின் என்ற ஆங்கில ரசாயன அறிஞரும் நீர்த்த ஹைப்போகுளோரைட்டால் புண்களைக் கழுவி, சீழ்பிடித்துச் சாகவிருந்த பல சிப்பாய்களைக் காப்பாற்றினார்கள். வீரியம் அரை சதவீதம், அவ்வளவுதான்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் தெருவில் ஒரு வீட்டு மருமகள், பொங்கலுக்கு முன் குளியலறையைக் கழுவும்போது ஆசிட்டையும் ப்ளீச்சையும் ஒன்றாக ஊற்றினார். ‘இரண்டும் சேர்ந்தால் இரட்டிப்பு சுத்தம்’ என்று எங்கோ பார்த்தாராம். மூச்சுத் திணறி இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தார். அவரைக் குறைசொல்ல மாட்டேன். கலக்காதே என்று அதட்டிச் சொல்ல அந்த வீட்டில் ஆயா இல்லை.

கழிப்பறைக்கு என்று நம் கடைகளில் விற்கும் திரவங்களில் பெரும்பாலானவை ஹைட்ரோகுளோரிக் அமிலம். ப்ளீச்சும் அதே அலமாரியில், அதே மாதிரி பாட்டிலில் இருக்கிறது. என் வீட்டில் இரண்டையும் இரண்டு அறைகளில் வைத்திருக்கிறேன். தவறி எங்கேனும் கலந்துவிட்டால், துடைக்கலாம், தண்ணீர் விடலாம் என்று அங்கேயே குனிந்து நிற்காதீர்கள். குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனம், தரையோடு தரையாகப் படியும். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு உடனே வெளியே வாருங்கள், போகிற வழியில் கதவைத் திறந்து விடுங்கள், வாடை முற்றிலும் போகும்வரை உள்ளே யாரையும் விடாதீர்கள். இருமல் நிற்கவில்லையென்றால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், எதையும் எதையும் கலந்தீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள்.