மண் ரோட்டுக்கு யார் காசு?

காலனிக்குத் தார் ரோடு கேட்டு மனு எழுத உட்காரும்போதெல்லாம் ஒரு குரல் எழும்பும். "எத்தனை வருஷம்தான் மனு கொடுக்கிறது? வீட்டுக்கு இவ்வளவுன்னு போட்டு நாமளே செஞ்சிருவோமே." எதிர்க்குரலும் உடனே வரும். "ஊர்த்தெருவுக்கு எவன் காசு போட்டான்? நாம மட்டும் ஏன் போடணும்?" இது இரண்டு பேரின் வாய்ச்சண்டை அல்ல. இதற்குப் பின்னால் நூற்றைம்பது வருஷத்துக்கும் மேலான வரலாறு இருக்கிறது.

சென்னை மாகாணத்தில் 1866இல் சாலைக்கென்றே ஒரு வரிச்சட்டம் வந்தது. நிலத்தின் குத்தகை மதிப்பில் ரூபாய்க்கு அரையணா வரை வசூல். 1871இன் லோக்கல் ஃபண்டு சட்டம் அதை ஓரணா வரை ஏற்றியது. வரி நிலத்தின் மேல் என்பதால், "வரி கட்டுறவன் நான், ரோடும் எனக்குத்தான்" என்று மிராசுதார் சொல்ல வழி பிறந்தது. நிலமில்லாதவர் வரி கட்டாதவர் ஆனார். அந்த நிலம் யார் உழைப்பில் விளைந்தது, வரிக்கான பணம் யார் வியர்வையில் வந்தது என்பதற்குக் கணக்குப் புத்தகத்தில் பத்தி இல்லை.

1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் நிவாரண வேலை என்ற பேரில் ரோட்டுக்குக் கல் உடைக்க வைத்தார்கள். 1877இல் ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தபோது கிடைத்தது ஒரு ராத்தல் தானியமும் சில்லறைக் காசும். பசியோடு கல் உடைத்தவர்களில் நிலமில்லாக் கூலிகளே அதிகம். அவர்கள் உடைத்த ஜல்லி எந்த ரோட்டுக்குப் போனது? சேரிக்கா?

1920களில் தொழிலாளர் துறை சேரி மக்களுக்குக் குடிமனை வாங்கிக் கொடுத்தது. சும்மா இல்லை. நிலத்தின் விலையைத் தவணை தவணையாக மக்களே திருப்பிக் கட்டினார்கள். ஆக, 'சந்தா' நமக்குப் புதிதல்ல. 1924இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலையில் யாரும் நடக்கலாம் என்றது. பெரிய வெற்றிதான். ஆனால் அது இருக்கிற ரோட்டில் நடக்கும் உரிமை. நம் தெருவுக்கு ரோடு வரும் உரிமை தனிப் போராட்டமாகவே நின்றுவிட்டது.

2000இல் வந்த பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் மக்களிடம் பங்கு கேட்கவில்லை. ஆனால் அதில் ஒரு அளவுகோல் இருந்தது. எல்லாப் பருவத்துக்கும் ஏற்ற ரோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் இருக்கும் குடியிருப்பு 'இணைப்புப் பெற்றது'. ஊர்த்தெருவோடு ரோடு நின்றாலும், கூப்பிடு தூரத்தில் இருக்கும் காலனி காகிதத்தில் இணைந்துவிடும்! மழைக்காலத்தில் பிணம் தூக்கிச் சேற்றில் நடக்கிறவனுக்குத் தெரியும் அந்த 500 மீட்டர் எவ்வளவு நீளம் என்று.

மாநிலத்தில் 'நமக்கு நாமே' வந்தது. 2011இல் 'தன்னிறைவுத் திட்டம்' மூன்றில் ஒரு பங்கை மக்களிடம் கேட்டது. கடை வைத்திருக்கும் தெருவுக்கும் கூலித் தெருவுக்கும் ஒரே பின்னம் ஒரே சுமை ஆகாது. காசு சேரும் தெரு முந்திக்கொள்ளும், சேராத தெரு 'ஆர்வமில்லாத தெரு' ஆகிவிடும்.

பட்டியல் சாதியினரின் மக்கள்தொகைக்கேற்ப நிதி ஒதுக்கச் சொல்லும் சிறப்பு உட்கூறுத் திட்டம் 1979-80 முதல் இருக்கிறது. அதனால் நம் முதல் கேள்வி "வீட்டுக்கு எவ்வளவு" என்பதாக இருக்கக் கூடாது. ஊர்த்தெருவுக்கு எந்த நிதியில் ரோடு போட்டார்கள், நம் பங்கு நிதி எங்கே போனது? கிராமசபையில் கேட்போம், தீர்மானப் புத்தகத்தில் எழுத வைப்போம். 2005இன் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுவோம். சேறு தாங்காமல் மக்கள் காசு போடுவதென்று முடிவெடுத்தால், அது அவர்கள் முடிவு. ஆனால் அதை நன்கொடை என்று எழுத விடக்கூடாது. அது அரசு நமக்குத் திருப்பித் தரவேண்டிய கடன்.